கணிப்பொறியின் மிகைவேகமும் தாய்ப்பலகையின் தேர்வும்

ஐதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் வடமேற்கே அமைந்துள்ளது பட்டான்செரு. ஒருபுறம் தொழிற்சாலைகளும் மறுபுறம் பரந்த ஆராய்ச்சி வயல்களுமாக விளங்கும் இவ்வூரில், 1972ஆம் ஆண்டில் வறண்ட வெப்பமண்டலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. இக்ரிசாட் என்னும் சுருக்கப் பெயரால் அஃது உலகெங்கும் அறியப்படுகிறது. செம்மண்ணும் கரிசல் மண்ணும் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பது அந்நிலையத்தின் சிறப்பு. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை முதலிய பயிர்களில், வானம் பார்த்த பூமியை உழுது வாழும் மக்களுக்கு உதவும் ரகங்களைக் கண்டறிவது அதன் தலையாய பணி.

இத்தகைய நிலையங்களில் விளைவது தானியம் மட்டுமன்று, எண்களும் விளைகின்றன. ஒரு பாத்தியின் கதிர் எடை, மண்ணின் ஈரம், பூக்கும் நாள், நோய் தாக்கிய செடிகளின் தொகை ஆகியவை யாவும் ஈற்றில் எண்களாகிக் கணிப்பொறியைச் சென்றடைகின்றன. இக்ரிசாட்டின் தலைமையில் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடித் துவரையின் மரபணுத் தொகுதியை 2011ஆம் ஆண்டிலும், கொண்டைக்கடலையினதை 2013ஆம் ஆண்டிலும் வரைந்து வெளியிட்டனர். அத்தகைய பெருங்கணக்குகளுக்குப் பெரிய கணிப்பொறிகள் உள்ளன. ஆனால் நாடெங்குமுள்ள சிறிய வயல் நிலையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பள்ளிகளிலும் அன்றாடக் கணக்கு முழுவதையும் சுமப்பது மேசைமீதுள்ள சாதாரணக் கணிப்பொறியே ஆகும்.

இக்கணிப்பொறி சற்றுத் தாமதித்தால் பணியாளர் பொறுமையிழப்பது இயல்பு. அவ்வேளையில், கணிப்பொறியில் ஆர்வமுள்ள இளைஞர் எவரேனும் ஒரு யோசனை கூறுவதுண்டு. "புதிய பொறி வாங்க வேண்டியதில்லை, இருப்பதையே ஓவர்கிளாக் செய்துவிடலாம்" என்பதே அந்த யோசனை. செலவின்றி வேகம் கூடுமாயின் அதனை வேண்டாமென்பது எதற்கு என்ற வினா எழுவது நியாயமே. அதற்கு விடை காண்பதற்கு முன், இம்முறை யாது, அதனால் விளைவது யாது என்பவற்றை ஆராய்தல் வேண்டும்.

துடிப்பும் அதன் எல்லையும்

கணிப்பொறியின் செயலி, அஃதாவது கடைகளில் பிராசஸர் எனப்படும் உறுப்பு, ஒரு சீரான துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. தாய்ப்பலகை, அஃதாவது மதர்போர்டு, இதற்கு அடிப்படைத் துடிப்பை வழங்குகிறது. இக்காலப் பொறிகளில் இது பெரும்பாலும் விநாடிக்கு 10 கோடி, அஃதாவது 100 மெகா ஹெர்ட்ஸ். செயலி இதனை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் கொள்கிறது. பெருக்கெண் 40 எனில் செயலி விநாடிக்கு 400 கோடி முறை, அஃதாவது 4 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்கும். உற்பத்தியாளர் விதித்த அளவுக்கு மேல் இத்துடிப்பை ஏற்றுவதே ஓவர்கிளாக்கிங். இதனை மிகைத்துடிப்பு எனலாம்.

இது புதிய பழக்கமன்று. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறி 6 மெகா ஹெர்ட்ஸில் இயங்கியது. அதிலிருந்த படிகத்தை மாற்றிப் பலர் அதனை 8 மெகா ஹெர்ட்ஸில் ஓட்டினர். 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான செயலியை, அடிப்படைத் துடிப்பை 66இலிருந்து 100 மெகா ஹெர்ட்ஸாக உயர்த்துவதன் மூலம், 300க்குப் பதிலாக 450 மெகா ஹெர்ட்ஸில் ஓட்ட முடிந்தது. மலிவான பொருள் விலையுயர்ந்த பொருளின் வேலையைச் செய்தது. மிகைத்துடிப்பின் புகழ் பரவியதற்கு அச்செயலி பெரிதும் காரணமாயிற்று.

அவ்வாறாயின் உற்பத்தியாளர் ஏன் குறைந்த வேகத்தை விதித்தனர்? ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் செயலிகள் எல்லாம் ஒரே தரத்தனவல்ல. அவற்றுள் வலிமை குன்றியதும், கடும் உஷ்ணத்திலும், பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பின்னரும் பிழையின்றிக் கணக்கிட வேண்டும். அதற்கு இயலும் வேகத்தையே உற்பத்தியாளர் விதிக்கின்றனர். விதித்த வேகத்துக்கும் இயலும் வேகத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி வீணாக விடப்பட்டதன்று. கோடைக்காகக் கிணற்றில் விட்டுவைக்கும் நீரைப் போன்றது அது. மிகைத்துடிப்பு செய்வோர் அந்நீரை ஐப்பசியிலேயே இறைத்துவிடுகின்றனர்.

வெப்பத்தின் கணக்கு

துடிப்பை ஏற்றும்போது செயலி நிலைகுலையாதிருக்கப் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. இங்குதான் இயற்பியல் தன் விலையைக் கேட்கிறது. செயலி இயங்கும்போது உட்கொள்ளும் மின்திறன், துடிப்பின் அளவுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. துடிப்பு 20 விழுக்காடும் மின்னழுத்தம் 10 விழுக்காடும் உயர்ந்தால், 1.2ஐ 1.21ஆல் பெருக்க, ஏறத்தாழ 1.45 கிடைக்கும். எனவே 100 வாட் உட்கொண்ட செயலி 145 வாட் உட்கொள்ளும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூட, வெப்பமோ ஏறக்குறையப் பாதி கூடுகிறது.

இவ்வெப்பம் எங்கே செல்வது? அறையின் காற்றுக்கே செல்ல வேண்டும். குளிர் நாட்டு அறையில் செய்த சோதனையின் முடிவு பட்டான்செருவின் மே மாதத்துக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே காரணம். முழு உழைப்பின்போது செயலியின் உஷ்ணத்தை அறையின் உஷ்ணத்தினும் 55 பாகை மட்டுமே மேலே வைத்திருக்கும் ஒரு குளிர்விப்பானைக் கொள்வோம். அறை 25 பாகையாக இருந்தால் செயலி 80 பாகையில் நிற்கும். குளிர்பதனமற்ற அறை 40 பாகையைத் தொடும் தக்காணத்துக் கோடையில், அதே செயலி 95 பாகையைத் தொடும். இது விதிக்கப்பட்ட வேகத்திலேயே நிகழ்வது. வெப்பம் 1.45 மடங்காயின், 55 பாகை என்பது ஏறத்தாழ 80 பாகையாகும். அதனுடன் அறையின் 40 பாகையைக் கூட்டினால் 120. இக்காலச் செயலிகள் 95 முதல் 100 பாகை அளவில் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே துடிப்பைத் தணித்துக் கொள்கின்றன. ஆக, வேகம் வேண்டி ஏற்றிய துடிப்பை வெப்பமே மீண்டும் இறக்கிவிடுகிறது. மின்கட்டணமும் தேய்மானமும் மட்டுமே எஞ்சுகின்றன.

உலகச் சாதனைகளைச் சுட்டி இதனை மறுப்போர் உளர். 2022ஆம் ஆண்டில் ஒரு செயலி 9 கிகா ஹெர்ட்ஸைத் தாண்டியது உண்மையே. ஆனால் அதனைக் குளிர்வித்தது சுழியத்துக்குக் கீழே 269 பாகையளவில் கொதிக்கும் திரவ ஹீலியம். சில கணங்கள் நிற்கும் அவ்வோட்டம் ஓட்டப் பந்தயத்தைச் சார்ந்தது, உழவைச் சார்ந்ததன்று.

கிடைக்கும் பயனையும் எடைபோட வேண்டும். ஒரு கணக்கு முடிய 60 நிமிடம் ஆகிறது என்க. அதில் பாதி நேரம் செயலியின் உழைப்பு. மறுபாதி தகவலை வட்டிலிருந்து படிப்பதிலும் எழுதுவதிலும் செல்கிறது. செயலியின் வேகத்தை 20 விழுக்காடு உயர்த்தினால் முதற்பாதி 30 நிமிடம் 25 ஆகும்; மொத்தம் 55 நிமிடம். ஐந்து நிமிட இலாபத்துக்காகவே இத்தனை வெப்பமும். பழைய சுழல்வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்தினாலோ, போதிய ராம் நினைவகத்தைச் சேர்த்தாலோ, இதனினும் மிகுதியான நேரம் பல இடங்களில் மிச்சமாகும். தாமதத்தின் காரணம் எதுவெனக் காணாமலே மருந்தைத் தேடுவது முறையன்று.

ஓசையற்ற பிழை

வெப்பமும் செலவும் மட்டுமே குறையாயின் இதனைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. உண்மையான அபாயம் வேறு. எல்லை மீறிய செயலி மூன்று வகையில் தவறக்கூடும். முதலாவது, கணிப்பொறி இயங்கவே மறுப்பது. இரண்டாவது, வேலையின் நடுவே நின்றுவிடுவது. மூன்றாவது, நிற்காமல் தொடர்ந்து இயங்கித் தவறான விடையைத் தருவது. முதலிரண்டும் தொல்லை, மூன்றாவதே தீங்கு. ஏனெனில் நின்றுவிட்ட பொறி தன் குறையைத் தானே அறிவிக்கிறது. தவறாகக் கணக்கிடும் பொறியோ ஏதும் அறிவிப்பதில்லை.

வயற்சோதனையின் இயல்பை அறிந்தோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஒரு பருவத்தில் பல நூறு வரிசைகளைப் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப விதைத்து, களையெடுத்து, அறுத்து, எடையிட்டு, அவற்றுள் சிலவற்றை மட்டுமே மறு பருவத்துக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். முதலாவது வரிசைக்கும் பத்தாவது வரிசைக்குமுள்ள வேறுபாடு பெரும்பாலும் சிறியது. ஓர் இலக்கம் இடம் மாறினால் நல்ல ரகம் ஒன்று ஒதுக்கப்பட்டுவிடலாம். ஒதுக்கப்பட்டதை மறுபடி எவரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆறு மாத உழைப்பும் ஒரு பருவ மழையும் அத்துடன் வீணாகின்றன. ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்கு வைக்கும் பணயம் இதுவேயாகும்.

இது வீண் அச்சமன்று. 2011ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவன ஆராய்ச்சியாளர்கள், ஏறத்தாழ 10 லட்சம் கணிப்பொறிகளிலிருந்து திரட்டிய பழுதுக் குறிப்புகளை ஆராய்ந்து கட்டுரையொன்றை வெளியிட்டனர். மிகைத்துடிப்பில் இயங்கியவை, விதித்த வேகத்தில் இயங்கியவற்றைவிடப் பன்மடங்கு மிகுதியாகச் செயலிப் பழுதால் நின்றன என்றும், விதித்த வேகத்துக்குச் சற்றுக் கீழே இயங்கியவை இன்னும் நம்பகமாக இருந்தன என்றும் அவர்கள் கண்டனர். 1996 முதல் பெரும் பகா எண்களைத் தேடிவரும் உலகத் தன்னார்வலர் குழுவினர், ஒரு கணிப்பொறி தரும் விடையை மற்றொன்றில் சரிபார்க்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். தனி ஒரு பொறியின் சொல்லை அவர்கள் வேதவாக்காகக் கொள்ளவில்லை. மிகைத்துடிப்பு செய்வோர் தம் பொறியைச் சோதிக்க இக்குழுவின் பிரைம்95 என்னும் நிரலையே பயன்படுத்துவது கருதத்தக்கது.

உற்பத்தியாளரே எல்லையை நெருங்கும்போது நிகழ்வது யாது என்பதற்கும் அண்மையில் சான்று கிடைத்தது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சிலவற்றில் நிலைகுலைவு தோன்றிற்று. அளவு கடந்த மின்னழுத்தம் இதற்குக் காரணமாகிறது என்று 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனமே அறிவித்து, தாய்ப்பலகையின் பயாஸ் வழியே நிறுவத்தக்க திருத்தத்தை ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. மின்னழுத்தத்தோடு விளையாடுவது எளிதன்று என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பலகையைத் தேர்ந்தெடுக்கும் முறை

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறத்தலாகாது. மிகைத்துடிப்பு ஆர்வலர்கள் தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் நுணுக்கம் பாராட்டத்தக்கது. அலுவலகங்கள் பெரும்பாலும் செயலியின் பெயரைப் பார்த்தே கணிப்பொறியை வாங்குகின்றன. பலகை எதுவாயினும் சரியென விட்டுவிடுகின்றன. ஆர்வலரோ பலகையை முதலில் பார்க்கின்றனர். அவர்கள் நாடும் குணங்கள் பெரும்பாலும் வயல் நிலையத்துக்கும் தேவையானவை. வேறுபாடு யாதெனில், அவர்கள் அவ்வலிமையை வேகமாகச் செலவிடுகின்றனர். வயல் நிலையம் அதனைக் கோடைக்கான சேமிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நோக்க வேண்டுவது மின்னழுத்தச் சீராக்கி. 12 வோல்ட்டாக வரும் மின்சாரத்தைச் செயலிக்கு வேண்டிய ஒரு வோல்ட்டு அளவுக்குத் தணிப்பது இதன் பணி. செயலியைச் சுற்றி அமைந்துள்ள டிரான்சிஸ்டர்களும் சோக்குகளும் மின்தேக்கிகளும் இதன் உறுப்புகள். மலிவான பலகைகளில் இவ்வுறுப்புகள் சிலவாக இருந்து, ஒவ்வொன்றும் மிகுதியான சுமையைத் தாங்குகின்றன. அவற்றின்மீது வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடும் இருப்பதில்லை. நாற்பது பாகைக் கோடையில் முதலில் வாடுவது இப்பகுதியே. செகந்தராபாத் பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டர் போன்ற அங்காடிகளில் பலகை வாங்குவோர், சீராக்கியின்மீது ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தகடு இறுகப் பொருத்தப்பட்டுள்ளதா என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இரண்டாவது, சிப்செட். இன்டெல் செயலிகளில் மிகைத்துடிப்புக்குப் பெயரின் ஈற்றில் 'கே' எழுத்துடைய செயலியும், 'இசட்' வரிசைச் சிப்செட்டுள்ள பலகையும் வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் பலகைகளில் 'எக்ஸ்', 'பி' வரிசைகள் அதற்கு இடந்தருகின்றன. ஏ520, ஏ620 போன்றவை இடந்தருவதில்லை. துடிப்பை ஏற்றும் எண்ணமில்லாத அலுவலகம் 'இசட்' வரிசைக்கு மிகுதியான விலை கொடுப்பது வீண். நல்ல சீராக்கியுடைய 'பி' வரிசைப் பலகையே அதற்குப் பெரும்பாலும் போதும். மிஞ்சும் பணத்தை நினைவகத்துக்கும், யு.பி.எஸ். சாதனத்துக்கும், தரமான எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கும் செலவிடலாம்.

மூன்றாவது, பொருத்தம். செயலியின் அடித்தளமும் பலகையின் சாக்கெட்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். டி.டி.ஆர்.4 நினைவகத்துக்கான பலகையில் டி.டி.ஆர்.5 பொருந்தாது. இரண்டுக்குப் பதிலாக நான்கு நினைவகத் துளைகள் இருப்பின் பிற்காலத்தில் விரிவாக்குவது எளிது. பிழையைத் தானே திருத்தும் ஈ.சி.சி. நினைவகத்தைச் சில பலகைகள் ஏற்கின்றன; ஆராய்ச்சி எண்களைக் காப்பவர்கள் பலகையின் கையேட்டில் இதனைத் தேடிப் பார்ப்பது நன்று. மின்தராசுகளும் வானிலைப் பதிவுக் கருவிகளும் பல இடங்களில் இன்றும் ஆர்.எஸ். 232 என்னும் பழைய இணைப்பையே பயன்படுத்துகின்றன. அதற்கான காம் இணைப்பு பலகையில் உள்ளதா என்பதையும் வாங்கும் முன் கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, பயாஸ் அமைப்பு. சில பலகைகள், வாங்குவோர் அறியாமலே, செயலி நிறுவனம் விதித்த மின்திறன் எல்லையைத் தளர்த்தி வெளிவருகின்றன. பலகையைப் பொருத்தியவுடன் பயாஸில் நுழைந்து இவ்வெல்லைகளைச் செயலி நிறுவனத்தின் அளவுக்கே மாற்ற வேண்டும். நினைவகத்தின் வேகத்தை ஒரே அழுத்தலில் உயர்த்தும் எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்னும் வசதிகளும் மிகைத்துடிப்பே என்பதைப் பலர் அறியார். ஏ.எம்.டி. செயலிகள் பலவற்றில் ஈகோ மோடு என்னும் வசதி உண்டு. மின்திறன் எல்லையைத் தணித்து வெப்பத்தைப் பெரிதும் குறைக்கும் இவ்வசதியால் வேகம் சிறிதளவே குறைகிறது. பட்டான்செருவின் கோடைக்கு ஏற்ற திருத்தம் மேலே ஏற்றுவதன்று. இவ்வாறு கீழே இறக்குவதேயாகும்.

இவற்றோடு எளிய பராமரிப்பும் வேண்டும். கரிசல் நிலத்துப் புழுதி விசிறியின் இறக்கைகளிலும் உலோகத் தகடுகளின் இடைவெளியிலும் படிந்து போர்வையாகிவிடும். மாதம் ஒருமுறை பொறியின் மின்சாரத்தைத் துண்டித்துப் புழுதியை ஊதி அகற்றுவதும், நில இணைப்பு சரியாக உள்ளதா எனப் பார்ப்பதும், செயலியின் உஷ்ணத்தைக் குறித்து வைப்பதும் எந்த மிகைத்துடிப்பினும் பெரும்பயன் தருவன. முக்கியமான கணக்கை இருமுறை இயக்கி, இயலுமாயின் வேறொரு பொறியிலும் இயக்கி, விடைகளை ஒப்பிடும் பழக்கம் எல்லாவற்றிலும் சிறந்தது.

மாணவர்க்கு ஒரு சொல்

மிகைத்துடிப்பை அறவே விலக்க வேண்டுமென்பதன்று இதன் கருத்து. ஒதுக்கிவைத்த பழைய கணிப்பொறி ஒன்று பள்ளியில் இருக்குமாயின், அது சிறந்த இயற்பியற் கூடமாகும். மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் துடிப்பைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்திறனையும் உஷ்ணத்தையும் கணக்கு முடியும் நேரத்தையும் அட்டவணையிட்டு, வரைபடம் தீட்டலாம். வேகத்தின் கோடு நேராகச் செல்வதையும், வெப்பத்தின் கோடு வளைந்து மேலெழுவதையும், ஓர் இடத்தில் பொறி தள்ளாடுவதையும் அவர்கள் கண்ணாரக் காண்பர். எல்லை என்பது ஏட்டிலுள்ள சொல்லன்று, இயற்கையின் கட்டளை என்பதை இதனினும் நன்றாக உணர்த்தும் பாடம் அரிது. மிகைத்துடிப்பால் நேரும் சேதத்தை உற்பத்தியாளரின் உத்தரவாதம் ஏற்பதில்லை என்பதையும் அவர்களுக்குக் கூறிவிட வேண்டும்.

ஆனால் சோதனைக்கான பொறி வேறு. கணக்குக்கான பொறி வேறு. வயலில் வியர்வை சிந்திச் சேர்த்த எண்களை ஏற்கும் கணிப்பொறி, களஞ்சியத்தைப் போன்றது. களஞ்சியத்தின் பெருமை அதன் வாயில் எவ்வளவு விரைவாகத் திறக்கிறது என்பதில் இல்லை. உள்ளே இட்ட விதை, எடுக்கும்போதும் அதே விதையாக இருப்பதில் உள்ளது. வலிய பலகையை வாங்குக. அதன் வலிமையைச் செலவிடாதிருக்க. வயல் நிலையத்தின் கணிப்பொறிக்கு இதுவே தக்க விதியாகும்.